போனில் பிடிச்ச கலர், அடுப்படியில் ஏன் பிடிக்காம போகுது? பெயின்ட் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

போன தீபாவளிக்கு முன்னாடி, சிலமலையில் இருக்கிற எங்க வீட்டுக்கு பெயின்ட் அடிச்சோம். 'அடிச்சோம்' என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் சென்னையில், அண்ணன் பெங்களூரில். வீட்டில் இருந்தது அம்மா மட்டும். ஆனால், கலரைத் தேர்ந்தெடுத்தது நாங்க ரெண்டு பேரும்.

அதுக்குன்னே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பின்டரெஸ்ட்டில் இருந்து, இன்ஸ்டாகிராமில் இருந்து அறுபது எழுபது படங்கள். மூணு ராத்திரி விவாதம். கடைசியில் ஹாலுக்கு அடர் சாம்பல், அடுப்படிக்கு 'சேஜ் கிரீன்' என்று முடிவானது. ஷேடு நம்பரை பெயின்டர் அண்ணனுக்கு அனுப்பினோம், பணத்தையும் போனிலேயே போட்டுவிட்டோம். அம்மாவுக்கு ஒரே ஒரு படம் அனுப்பினோம். "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்று பதில் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தீபாவளிக்கு ஊரில் போய் இறங்கினால், பகல் பதினோரு மணிக்கு அடுப்படியில் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கிறது. ஹாலை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "இன்னும் பூச்சு வேலை முடியலையா?" என்று கேட்டார். அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே அது பெயின்ட் அடிக்காத சிமென்ட் சுவர் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"அடுப்படி எப்படிம்மா இருக்கு?" என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வெளுத்துப்போன காய் மாதிரி இருக்குடி. ஸ்டோர்ல இந்த நிறத்துக் காயை நாங்க தனியா எடுத்துப் போட்டுருவோம்."

அம்மாவுக்கு போடியில், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. மலையில் இருந்து வரும் காயில் வெடித்தது, கறுத்தது, வெளுத்தது என்று பிரித்தெடுக்கிற பெண்களில் அவரும் ஒருத்தர். பல வருஷமாக, நாள் முழுக்க, ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. அவர் சமைக்கிற இடத்துக்குப் பச்சை தேடியபோது, அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஊரில் வீடு, வேலை வெளியூரில், மாதாமாதம் பணம் அனுப்புகிற பிள்ளைகள் என்று இருக்கிற பல வீடுகளில் இப்போது கலர் முடிவாவது போனில்தான். அதில் என்ன தப்பு என்று நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அடுப்படிக்குப் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். பெயின்டர்களிடமும் பேசினேன். இப்போது என் கருத்து ஒன்றுதான்: ஒரு அறையின் நிறத்தை முடிவு பண்ண வேண்டியது, பணம் கொடுப்பவரோ போட்டோ எடுப்பவரோ இல்லை. அந்த அறையில் அதிக நேரம் நிற்பவர். அதுவும் போனில் இல்லை, அந்தச் சுவரில்.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போனில் தெரிவது எந்த நிறம்?

ஒரே படத்தை என் போனிலும் அண்ணன் போனிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் பச்சை, இன்னொன்றில் சாம்பல் கலந்த பச்சை. காரணம் எளிமையானது. சில திரைகள் நிறத்தைத் தூக்கிக் காட்டும். ராத்திரியானால் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டு வைத்திருக்கிற ஃபில்டர், எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றிவிடும். நாங்கள் முடிவெடுத்த மூன்று ராத்திரியும் இரண்டு போனிலும் அந்த ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் கேமரா ஒரு வேலை பார்த்திருக்கும். எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்கிறது. அதன்மேல் போட்டோகிராபரின் எடிட்டிங். அதன்மேல் வாட்ஸ்அப்பின் சுருக்கல். இத்தனையும் தாண்டி வருகிற நிறத்தை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறோம்.

'சரி, ஷேடு கார்டு பார்த்து வாங்கலாம்' என்பீர்கள். போனைவிட அது மேல்தான். ஆனால், ஷேடு கார்டில் இருப்பது ஒரு தபால்தலை அளவு. சுவர் நூறு சதுர அடி. பரப்பு பெரிதானால் நிறம் தூக்கலாகத் தெரியும். அதோடு நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால், அறைக்குள் அந்த நிறம் இன்னும் ஒரு படி ஏறிவிடும். கார்டில் வெளிர் ரோஸாக இருந்தது, நாலு சுவரிலும் ஏறினதும் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடுவது இதனால்தான்.

எங்க ஊர்ப் பக்கம் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் புத்தடியில் இன்னொன்று. விலை கேட்பது கம்ப்யூட்டரில்தான். ஆனால், சரக்கின் மாதிரி வியாபாரிகளின் கைக்குப் போன பிறகுதான் விலை. காயின் நிறத்தையும் பருமனையும் கண்ணால் பார்க்காமல், வெறும் போட்டோவை நம்பி யாரும் மூட்டைக் கணக்கில் வாங்குவதில்லை. நூறு கிராம் ஏலக்காய்க்கு நாம் கொடுக்கிற மரியாதையை வீட்டுச் சுவருக்கும் கொடுக்கலாம்.

'வடக்குப் பார்த்த ரூம்னா வார்ம் கலர்': யாருக்குச் சொன்னது?

இன்டீரியர் வீடியோக்களில் அடிக்கடி கேட்கிற அறிவுரை இது. வடக்குப் பார்த்த அறைக்கு நேரடி வெயில் வராது, நீலம் கலந்த மங்கலான வெளிச்சம்தான் வரும், அதனால் மஞ்சள், ஆரஞ்சு சாயலில் அடியுங்கள் என்பார்கள். லண்டனுக்கு இது சரி. லண்டன் இருப்பது வட அட்சரேகை 51 டிகிரியில். நியூயார்க் சுமார் 41-ல். அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கு வானத்தில்தான் இருக்கும்.

போடி இருப்பது சுமார் 10 டிகிரியில். இங்கே ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் நமக்கு வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. அதாவது வருஷத்தில் நான்கு மாதத்துக்கும் மேல் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் தெற்குச் சுவரில் அடிக்கும். வெளிநாட்டு வீடியோவின் சூத்திரம் இங்கே பாதி வருஷத்துக்குத்தான் செல்லும்.

சிலமலைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மேற்கே மலை. மற்ற ஊர்களில் மேற்கு ஜன்னல் என்றால் சாயங்காலம் ஆரஞ்சு வெயில் உள்ளே நீளமாக வந்து விழும். எங்களுக்கு அதற்குள் பொழுது மலைக்குப் பின்னால் போயிருக்கும். வானம் வெளிச்சமாக இருக்கும், வெயில் இருக்காது. எங்க அடுப்படி ஜன்னல் மேற்குப் பார்த்தது. அதற்கு எதிரே மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவர். இது எதையும் பின்டரெஸ்ட் படத்தில் இருந்த அடுப்படிக்குச் சொல்லி வைக்கவில்லை. அதில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி.

அடுத்தது பல்பு. வெளிச்சத்தின் சாயலை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700, 3000 கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது இந்த 6500. ஹோட்டலிலும் ஷோரூமிலும் பார்த்து மயங்குகிற அடர் சாம்பலும் மண் நிறமும் மஞ்சள் வெளிச்சத்தில் மயக்குபவை. அதே சாம்பலை 6500 கெல்வின் டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தால், பக்கத்து வீட்டு அத்தை கேட்ட கேள்விதான் வரும்.

இதைச் சரிசெய்ய எப்போதும் மறுபடி பெயின்ட் அடிக்கத் தேவையில்லை என்பது ஒரு நல்ல செய்தி. சில நேரம் 4000 கெல்வின் பல்பு ஒன்றை மாற்றிப் பார்த்தாலே சுவர் வேறு மாதிரி தெரியும். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

எல்ஆர்வி: கடையில் கேட்க வேண்டிய ஒரு எண்

பெயின்டின் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்ஆர்வி என்று ஒரு எண் உண்டு. சுவரில் விழுகிற வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் அது. கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். நல்ல ஆஃப் ஒயிட் ஒன்று 80 வாக்கில் இருக்கும். சேஜ் கிரீன் வகையறா பெரும்பாலும் 40, 50-ஐச் சுற்றி. அடர் சாம்பல் 10, 15 என்று இறங்கிவிடும். சில நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் ஷேடு நம்பரோடு இந்த எண்ணையும் போடுகின்றன. இல்லையென்றால் கடையில் கேளுங்கள்.

50 எல்ஆர்வி என்றால், அடுப்படிக்குள் வருகிற வெளிச்சத்தில் பாதியைச் சுவரே குடித்துவிடுகிறது என்று அர்த்தம். பெரிய ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு அது இதம். எங்க அடுப்படிக்கு அது பகலில் டியூப்லைட்.

இதில் வயதும் சேர்கிறது. வயதாக ஆக, கண்பாவை சுருங்கும், கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். 20 வயதில் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில், 60 வயதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது என்பது கண் ஆய்வுகளில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. நான் 'மூட்' இருக்கிறது என்று சொல்லும் அறை, அம்மாவுக்கு வெறும் இருட்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கிறோம், ஆனால் ஒரே அறையைப் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை. அங்கே கத்தி இருக்கிறது, கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது, உளுந்தில் கல் இருக்கிறது.

எந்த அறைக்கு என்ன?

'ஹாலுக்கு இந்த ஷேடு' என்று நான் நம்பர் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் இதுவரை எழுதியதற்கு அர்த்தமில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு அறையிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

அடுப்படி: இங்கே அதிகம் நிற்பது யார், எத்தனை மணிக்கு? எங்க அம்மா அதிகாலை ஐந்து மணிக்கு நிற்பார், பிறகு ராத்திரி ஏழு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை தவிர, பகல் வெளிச்சத்தில் அவர் தன் அடுப்படியைப் பார்ப்பதே இல்லை. அப்படியென்றால் நிறத்தைச் சோதிக்க வேண்டியது டியூப்லைட்டில். எல்ஆர்வி அதிகமான ஷேடும், தண்ணீர் விட்டுத் துடைத்தால் போகாத பெயின்டும் இங்கே முக்கியம்.

படுக்கை அறை: தூங்குவதற்கு மட்டும் என்றால் அடர் நிறம் தப்பில்லை. அதே அறையில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்றால் வீடியோ காலில் உங்கள் முகத்தில் விழுவது சுவரின் நிறம்தான். பச்சைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் காய்ச்சல் வந்தவர் மாதிரி தெரியும்.

பெரியவர்கள் இருக்கிற அறை, குளியலறை: இங்கே அழகைவிட வித்தியாசம் முக்கியம். சுவரும் கதவும் தரையும் ஒரே வெளிர் நிறத்தில் இருந்தால் படி எங்கே முடிகிறது, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சுவர் வெளிறலாக இருந்தால், நிலையும் கைப்பிடியும் படியின் விளிம்பும் அடர் நிறத்தில் இருக்கட்டும். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒரு அப்பத்தா வீட்டில் இருந்தால், இந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஹால்: கூட்டம் கூடுகிற இடம், குழந்தைகள் கை வைக்கிற இடம். ரொம்ப வெள்ளையும் கஷ்டம், ரொம்ப அடர்த்தியும் கஷ்டம். அடர் நிறத்தில் சுண்ணாம்புத் தூசியும் கீறலும் பளிச்சென்று தெரியும்.

வாஸ்துப்படிதான் அடிப்போம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'பச்சை' என்று வாஸ்து சொன்னாலும், எந்தப் பச்சை என்று நீங்கள்தானே முடிவு பண்ண வேண்டும்?

பளிச் மஞ்சள், பளிச் சிவப்பு: இன்னொரு கணக்கும் இருக்கு

கதவு, ஜன்னல், கிரில் என்றால் நம் ஊரில் எனாமல்தான். அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, சில பச்சைகள் என்று பளிச் நிறங்களில் பல காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த ஒரு பொருள் ஈயம். லெட் குரோமேட் என்கிற ஈய உப்பு நல்ல மஞ்சளைக் கொடுக்கும், மலிவானது, கீழே இருப்பதை நன்றாக மறைக்கும். அதனால் கம்பெனிகளுக்குப் பிடித்தது.

மத்திய அரசு 2016 நவம்பர் 1-ம் தேதி, வீட்டு உபயோக மற்றும் அலங்கார பெயின்டுகளில் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2017 நவம்பர் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதன்படி ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. டப்பாவின் மேல் அதை அச்சிடவும் வேண்டும்.

குழந்தையின் உடலில் சேர்கிற ஈயத்தில், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பாதிப்பு முக்கியமாக மூளை வளர்ச்சியில். ஜன்னல் கம்பியைக் கடிக்கிற வயதில் ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் இரண்டு வேலைகள். ஒன்று, டப்பாவில் 90 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா, தயாரித்த கம்பெனி பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பேர் தெரியாத டப்பா நூறு இருநூறு ரூபாய் குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். இரண்டாவது, அதைவிட முக்கியமானது. 2017-க்கு முன்னால் அடித்த எனாமலை உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்கும்போதுதான் ஆபத்தான தூசி கிளம்புகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெயின்டர் அண்ணனுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். நமக்கு அது ஒரு நாள் தூசி. அவருக்குத் தினமும்.

ஈயம் இல்லாத பளிச் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மறைக்கும் சக்தி குறைவு. இரண்டு கோட்டிங் என்று பேசினது மூன்று, நான்கு ஆகலாம். அடர் நிறங்களுக்கு அடிப்படை பெயின்டின் விலையும் கூடுதலாக இருப்பது உண்டு. பட்ஜெட் போடும்போது ஷேடைச் சொல்லிவிட்டு விலை கேளுங்கள்.

நீலச் சுவர் அறையைக் குளிர்விக்குமா?

குளிர்விக்காது. நீலத்தைப் பார்க்கையில் குளிர்ச்சியாகத் தோன்றலாம், அவ்வளவுதான். மின்விசிறியின் வேலையை அறைக்குள் இருக்கிற நிறம் செய்யாது.

ஆனால், ஒரு நிறம் நிஜமாகவே அறையின் சூட்டைக் குறைக்கும். அதை அடிக்க வேண்டிய இடம் மொட்டை மாடி. மேல்தளத்தில் வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். 2010 கோடை வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. பிறகு ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை அறிவித்தது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. நம்மில் பலரும் ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு 'ஆக்சென்ட் வால்' என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, மொட்டை மாடியைக் கறுத்த பாசியோடு விட்டுவைத்திருக்கிறோம். முதல் டப்பா மாடிக்குப் போகட்டும் என்பேன்.

இந்த வருஷத்து கலர் என்ன தெரியுமா?

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000-ல் தொடங்கி ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. உலகம் முழுக்கத் துணிக்கடையும் பெயின்ட் விளம்பரமும் அதன் பின்னால் ஓடும். 2025-க்கு மோக்கா மூஸ், காபியில் பால் கொஞ்சம் கூடின மாதிரி ஒரு பழுப்பு. 2026-க்கு கிளவுட் டான்சர். அது வேறொன்றும் இல்லை, வெள்ளை.

பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் சுவரில் அடித்த நம் தாத்தாக்களுக்கு இது செய்தியாக இருந்திருக்காது. நீலம் எதற்கு? சுண்ணாம்பில் இருக்கும் லேசான மஞ்சளை மறைத்து, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட. கீழே ஒரு காவிப் பட்டை, சுவர் அடியில் தெறிக்கிற சேறும் மண்ணும் தெரியாமல் இருக்க. காவி இரும்புத் துருவின் நிறம் என்பதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது. வெளிச்சம், அழுக்கு, வெயில் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது.

பழையது எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு கையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், எமல்ஷன் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால், அவர்கள் நிறத்தை முடிவு பண்ணியது தங்கள் சுவரைப் பார்த்து. நாம் இன்னொருத்தர் சுவரைப் பார்த்து முடிவு பண்ணுகிறோம்.

'அவங்களே உங்க இஷ்டம்னு சொன்னாங்களே?'

இதை எழுதப் போகிறேன் என்றதும் அண்ணன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அவனுடைய பணம், அவனுடைய வீடும்கூட. ஒருநாள் அங்கேயே திரும்பிப் போகப் போகிறவன். அவனுக்குப் பிடித்த நிறம் ஒரு சுவரிலாவது இருக்கக் கூடாதா?

கண்டிப்பாக இருக்கலாம். மாடி அறையை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். ஆனால், "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்கிற பதிலை நாம் ரொம்பச் சுலபமாக எடுத்துக்கொள்கிறோம். தன் கைக்கு வருகிற பணம் பிள்ளைகளுடையது என்று ஆன பிறகு, நம் அம்மாக்கள் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்கிறார்கள்? புடவையில் இருந்து மிக்ஸி வரை அதே பதில்தான். அது ரசனை இல்லாததால் வருகிற பதில் இல்லை. சில நேரம், கேட்ட விதத்தால் வருகிற பதில். முடிவெடுத்துவிட்டு ஒரு படத்தை அனுப்பி 'ஓகேவா?' என்றால், ஓகே தவிர வேறென்ன சொல்ல முடியும்?

எங்க அம்மா பச்சையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் என்று எனக்கு இந்த தீபாவளியில்தான் தெரியும். நல்ல காய்ந்த காயின் பச்சை வெளிச்சம் பட்டால் வெளுக்கும், அதனால்தான் கறுப்பு பாலிதீன் உறை போட்ட சாக்கில் வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் சொன்னார். மழை நாளில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிரிக்கிற காய்க்கும், லைட் போட்டுப் பிரிக்கிற காய்க்கும் கண் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும் என்றார். நான் மேலே கெல்வின், எல்ஆர்வி என்று எழுதியிருப்பதை எல்லாம் அவர் தன் கையால் தெரிந்து வைத்திருக்கிறார்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

நாங்கள் பொங்கலுக்குச் செய்ததைச் சொல்கிறேன். பெரிய செலவில்லை.

அந்த அறையில் அதிகம் இருப்பவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். மூன்று ஷேடு எடுக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் சின்ன சாம்பிள் டப்பா தருகின்றன. பழைய நிறம் கீழே இருந்து எட்டிப் பார்க்காமல் இருக்க, முதலில் பிரைமர். அதன்மேல் இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக, ஒவ்வொரு ஷேடும் இரண்டு கோட்டிங். ஒரே சுவரில் இல்லை, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, ஜன்னல் சுவரில் ஒன்று. ஈரமாக இருக்கும்போது முடிவு பண்ண வேண்டாம். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும்.

பிறகு மூன்று நாள் சும்மா விடுங்கள். காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, ராத்திரி லைட்டில் ஒருமுறை. வெளியூரில் இருக்கிறீர்கள் என்றால், போட்டோ கேட்காதீர்கள். போன் பண்ணி 'எதைப் பார்க்கும்போது கண்ணுக்கு நல்லா இருக்கு?' என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரமாக இருக்கும்போது அடிக்காதீர்கள். தீபாவளிக்குள் முடிக்கணும் என்கிற அவசரத்தில் நாங்கள் அடித்த ஒரு மூலையில் இப்போதே உப்புப் பூத்திருக்கிறது.

அம்மா மூன்று கட்டத்தையும் மூன்று நாள் பார்த்தார். அதிகாலை ஐந்து மணிக்கு, டியூப்லைட்டில், சோறு வடித்துக்கொண்டே. நான் இரண்டாவது ஷேடைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் எடுத்தது மூன்றாவது, உருகின நெய் உறையும்போது வருகிற மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு தட்டில் உளுந்தைப் பரப்பி அந்தச் சுவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"கல்லு தெரியுது பாரு."

அடுப்படி இப்போது நெய் நிறத்தில் இருக்கிறது. பகலில் லைட் எரியவில்லை. ஹால் மட்டும் இன்னும் அதே சாம்பல்தான். அதை மாற்ற அண்ணனின் அடுத்த போனஸ் வர வேண்டும். அதுவரை வீட்டுக்கு வருகிறவர்கள் பூச்சு வேலை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியது அம்மா இல்லை, நாங்கள் என்று இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்.